கடலை மிட்டாயின் மூலையைக் கடித்தால் கோணம் கூடுமா? பலகோணத்தின் பக்கமும் கோணமும்

பேட்டை அம்மா (ஞாயிறு, காலை 9.10)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று சாயங்காலம் கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து ஒரு சதுரத் துண்டை எடுத்தாள். ஒரு மூலையை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தை நோட்டின் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தாள். கடித்த இடத்தை ஸ்கேல் வைத்து நேராக்கினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நாலு மூலை இருந்துச்சு. ஒண்ணைத் தின்னுட்டேன். மூணுதானே மிச்சம் இருக்கணும்? அஞ்சு இருக்கே!"

பாகைமானியை வைத்து அளந்தோம். மூன்று மூலை 90, 90, 90. கடித்த இடத்தில் இரண்டு புது மூலை, ஒன்று 128, மற்றது 142. கூட்டினால் 540. கடிப்பதற்கு முன்னால் 360தான். "தின்னா குறையணும், எப்படிக் கூடுச்சு?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். போன தேர்வில் "எல்லாப் பக்கங்களும் சமமாக உள்ள பலகோணம் ஒழுங்குப் பலகோணம். சரியா, தவறா?" என்று வந்ததாம். இவள் "சரி" என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. ஏன் தவறு என்று வகுப்பில் கேட்டதற்குப் புத்தகத்தைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்தும் அவளுக்கு மனசு சமாதானம் ஆகவில்லை.

தென்காசி டிப்ளமா (ஞாயிறு, காலை 9.32)

அக்கா, சூத்திரம் இருக்கிறது. பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து 2 கழித்து 180-ஆல் பெருக்கணும். சதுரத்துக்கு 4, அதனால் 2 × 180 = 360. ஐங்கோணத்துக்கு 5, அதனால் 3 × 180 = 540. தங்கச்சி அளந்தது சரிதான்.

பேட்டை அம்மா (ஞாயிறு, காலை 9.40)

நன்றி தம்பி. சூத்திரம் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். "அந்த ரெண்டைக் கழிக்கிறோமே, அந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்பதுதான் அவள் கேள்வியே.

பாளை கணக்கு வாத்தியார் (ஞாயிறு, காலை 11.05)

அம்மா, உங்கள் பிள்ளையை முதலில் பாராட்டிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தச் சூத்திரத்தை எழுதாத பிள்ளை இல்லை. அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவள் தின்ற துண்டைப் பாருங்கள். வாயில் போனது ஒரு முக்கோணம். அதன் ஒரு மூலை சதுரத்தின் மூலை, அதாவது 90. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 என்பதால் மற்ற இரண்டும் சேர்ந்து 90.

இனி மிட்டாயில் மிஞ்சிய புது மூலைகளைப் பார்ப்போம். கடித்த கோடு சதுரத்தின் பக்கத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு நேர்கோடு இருக்கிறது. நேர்கோட்டுக் கோணம் 180. அதில் ஒரு பங்கு தின்ற முக்கோணத்துக்குள் போயிற்று, மிச்சம் மிட்டாயில் நிற்கிறது. அவள் அளந்த 128-க்கு மறுபக்கம் 52. 142-க்கு மறுபக்கம் 38. 52-உம் 38-உம் கூட்டிப் பாருங்கள், 90. இரண்டு நேர்கோடு 360, அதில் வாய்க்குள் போனது 90, நின்றது 270. பழைய மூலையில் இருந்ததோ 90. ஆக ஒரு 90 போய் 270 வந்திருக்கிறது. கூடியது 180.

அவள் கொஞ்சம் சாய்த்துக் கடித்திருந்தால் 128, 142 என்பது 110, 160 ஆகியிருக்கும். கூட்டுத்தொகை அதே 270தான். மூலை 90-ஆக இல்லாமல் 70-ஆக இருந்தாலும் இதே கதைதான். 70 போகும், 250 வரும். கூடுவது அப்போதும் 180. எந்த மூலையை எப்படிக் கடித்தாலும், நேராகக் கடித்து, அடுத்த மூலையைத் தொடாமல் விட்டால் ஒரு கடிக்கு ஒரு பக்கம் கூடும், 180 பாகை கூடும்.

இப்போது அந்த 2-க்கு வருகிறேன். பலகோணங்களில் சின்னது முக்கோணம். மூன்று பக்கம், ஒரு 180. ஒரு கடி கடித்தால் நாற்கரம், நான்கு பக்கம், இரண்டு 180. இன்னொரு கடி, ஐந்து பக்கம், மூன்று 180. பக்க எண்ணிக்கை எப்போதும் 180-களின் எண்ணிக்கைக்கு இரண்டு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும். ஏனென்றால் தொடங்கும்போதே 3-உம் 1-உம். அந்த இடைவெளிதான் அந்த 2.

தின்றால் குறைய வேண்டும் என்று அவள் நினைத்ததும் சரியான நினைப்புதான். குறைந்தது பரப்பு. கோணம் என்பது தின்னக்கூடிய பொருள் அல்ல, இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிற திருப்பத்தின் அளவு. கடலை மிட்டாய் சின்னதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் அதன் மூலை 90தானே!

ஒழுங்குப் பலகோணத்தைப் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன்.

கல்லிடை ஆசாரி (ஞாயிறு, பிற்பகல் 2.20)

வாத்தியார் சார் சொன்னதை நான் கையால் தினமும் செய்கிறேன், இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. கல்லிடைக்குறிச்சியில் மரவேலை. கட்டில் கால், தூண், பூஜை மண்டபம் எல்லாம் செய்வோம். தூணுக்கு முதலில் கட்டையைச் சதுரமாக இழைப்போம். அப்புறம் நான்கு மூலையையும் சீவி எட்டுப் பட்டை. அதிலும் மூலையைச் சீவினால் பதினாறு பட்டை. அப்புறம்தான் உருளை. கோயில் தூண்களில் கல்லிலும் இதே முறைதான், சதுரம், எட்டுப் பட்டை, பதினாறு பட்டை என்று ஒரே தூணில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். சிவலிங்கத்திலும் அடியில் சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம்.

நான்கு மூலையைச் சீவினால் நான்கு 180 கூட வேண்டும் அல்லவா? 360-உம் 720-உம் 1080. எட்டால் வகுத்தால் 135. என் கோண மட்டத்தில் எட்டுப் பட்டைக்கு வைக்கிற அளவு அதேதான். படித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போய் வைத்துப் பார்த்தேன்.

பிள்ளைக்கு எண்கோணம் வரைய எங்கள் பட்டறைக் குறி ஒன்று சொல்கிறேன். 12 அங்குலச் சதுரப் பலகையில் மூலைக்கு மூலை கோடு போட்டால் 17 அங்குலம் வரும், மயிரிழை குறையும். அதில் பாதி எட்டரை. கவராயத்தை எட்டரைக்கு விரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஊன்றி இரண்டு பக்கத்திலும் குறி வைக்கணும். ஒரு பக்கத்தைப் பார்த்தால் மூன்றரை, ஐந்து, மூன்றரை என்று பிரிந்திருக்கும். குறிகளைச் சேர்த்து நான்கு மூலையையும் அறுத்துவிட்டால் எட்டுப் பக்கமும் ஐந்து ஐந்தாக வரும். பாகைமானியே வேண்டாம்.

பாளை கணக்கு வாத்தியார் (ஞாயிறு, மாலை 6.15)

ஆசாரி அண்ணாச்சி, அந்தக் குறி கணக்குப்படி அச்சாகச் சரி. நானே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒழுங்குப் பலகோணத்துக்கு வருவோம். இரண்டு நிபந்தனை. எல்லாப் பக்கமும் சமம், எல்லாக் கோணமும் சமம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒழுங்கு. சாய்சதுரத்தில் நான்கு பக்கமும் சமம், கோணம் சமமில்லை. செவ்வகத்தில் நான்கு கோணமும் சமம், பக்கம் சமமில்லை. இரண்டுமே ஒழுங்குப் பலகோணம் அல்ல.

பிள்ளை ஏன் "சரி" என்று எழுதினாள் என்று எனக்குப் புரிகிறது. முக்கோணத்தில் அது சரி. பக்கங்கள் மூன்றும் சமம் என்றால் கோணங்களும் தானாகவே 60, 60, 60 ஆகிவிடும். முக்கோணத்தில் பழகிய கையோடு நாற்கரத்துக்குப் போகிறோம். அங்கே பக்கம் கோணத்தைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பனை ஈர்க்கு மூன்றை ஒரே நீளத்தில் ஒடித்து, முனைகளை நூலால் கட்டுங்கள். முக்கோணம். அமுக்கிப் பாருங்கள், அசையாது. நான்கு ஈர்க்கைக் கட்டுங்கள். சதுரமாக நிற்கும், தொட்டால் சாய்ந்து சாய்சதுரமாகும், இன்னும் அமுக்கினால் நான்கும் ஒட்டிப் படுத்துவிடும். பக்க நீளம் ஒரு நூல்கூட மாறவில்லை. கோணம் மட்டும் எங்கெங்கோ போகிறது. ஆனால் எப்படிச் சாய்த்தாலும் நான்கு கோணத்தின் கூட்டுத்தொகை 360. பக்கங்கள் எத்தனை என்பது கூட்டுத்தொகையைச் சொல்லிவிடும், பக்கங்கள் எவ்வளவு நீளம் என்பது ஒவ்வொரு கோணத்தையும் சொல்லாது. அவள் இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சேரன்மாதேவி விவசாயி (ஞாயிறு, இரவு 8.50)

வாத்தியார் ஐயா, நீங்கள் ஈர்க்கைச் சாய்த்தால் படுத்துவிடும் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. காரணம் சொல்கிறேன்.

கன்னடியன் கால்வாய் பாசனத்தில் ஒரு துண்டு வயல் வாங்குவதாகப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். பத்திரம் இன்னும் பதியவில்லை. தரகர் வந்து என் முன்னாலேயே டேப் பிடித்தார். எதிரெதிர் வரப்புகள் 100 அடி, 100 அடி. மற்ற இரண்டும் 80, 80. நூறை எண்பதால் பெருக்கி 8000 சதுர அடி, பதினெட்டேகால் சென்டுக்கு மேலே என்று கணக்குச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் சரியாக இருப்பதால் நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் வாய்க்கால் சாய்வாகப் போவதால் வயலும் சாய்வாகத்தான் கிடக்கிறது. அப்படியென்றால் 8000 தப்பா?

கல்லிடை ஆசாரி (ஞாயிறு, இரவு 9.05)

அண்ணாச்சி, தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு. கதவு நிலையைச் சேர்த்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது மூலைக்கு மூலை அளவு. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப், அப்புறம் மற்ற இரண்டு மூலைக்கு. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் நிலை மூலைமட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நான்கு சட்டமும் அளவெடுத்து அறுத்ததுதான், ஆனாலும் நிலை கோணலாக நிற்கும். அதனால்தான் சேர்த்த நிலையில் குறுக்கே ஒரு ரீப்பர் அடித்து வைப்போம், சுவரில் ஏறும்வரை அசையாமல் இருக்க. வயலிலும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள்.

பழைய சர்வேயர் (திங்கள், காலை 7.30)

சேரன்மாதேவி அண்ணாச்சி, நிலஅளவையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தயவுசெய்து பணத்தை மேற்கொண்டு கொடுக்காதீர்கள், முதலில் மூலைவிட்டத்தை அளந்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவது கிராமங்களில் பழக்கத்தில் இருக்கிற குறுக்கு வழி. செவ்வகத்துக்கு மட்டுமே அது சரியாக வரும். மற்ற எந்த நாற்கரத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும், குறைவாகக் காட்டவே காட்டாது. விற்கிறவருக்கு எப்போதும் லாபம், வாங்குகிறவருக்கு எப்போதும் நட்டம்.

உங்கள் அளவுகள் செவ்வகம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் 128 அடியாக இருக்கணும். சாய்ந்திருந்தால் ஒன்று குறையும், ஒன்று கூடும்.

புலப்படத்தை, அதாவது நிலஅளவைக்காரர்கள் வரைந்து வைக்கிற வயல் வரைபடத்தை, பார்த்திருப்பீர்கள். அதில் வயலின் ஓரத்துக்கு மட்டும் அளவு இருக்காது. வயலுக்குக் குறுக்கே கோடுகள் ஓடும், அந்தக் கோட்டிலிருந்து முனைகளுக்குச் செங்குத்துத் தூரங்கள் எழுதியிருக்கும். எத்தனை முனை இருந்தாலும் நிலத்தை முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் உடைத்துத்தான் பரப்பு போடுவோம். நாற்கரத்துக்கு வழி சுலபம். ஒரு மூலைவிட்டத்தின் நீளத்தை, அதன் இருபுறமும் உள்ள முனைகளின் செங்குத்துத் தூரங்களைக் கூட்டி வந்த தொகையால் பெருக்கிப் பாதியாக்கணும். பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நாங்கள் அளந்தது சங்கிலியில். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது ஒரு லட்சம் சதுர லிங்க். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், சரியாக 1000 சதுர லிங்க். லிங்க்கில் பெருக்கிக் கடைசி மூன்று இலக்கத்தைத் தள்ளிவிட்டால் சென்ட் வந்துவிடும். அடியில் போட்டால்தான் 435.6 என்று இழுபறி.

தென்காசி டிப்ளமா (திங்கள், காலை 8.15)

நாற்கரம் வரைய ஐந்து அளவு வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதுதான் இது. நான்கு பக்கம் கொடுத்தாலும் ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டமோ கோணமோ வேண்டும். ஏன் ஐந்து என்று அப்போது யோசிக்கவில்லை. முதல் முக்கோணத்துக்கு மூன்று அளவு, அதன் ஒரு பக்கத்தில் ஒட்டுகிற அடுத்த முக்கோணத்துக்கு இரண்டு. ஐங்கோணம் என்றால் இன்னும் இரண்டு சேர்ந்து ஏழு.

ஒரு சந்தேகம். என் நண்பனின் வயலில் பம்புசெட் மூலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதால் வயல் உள்ளே வாங்கி, 'ட' எழுத்தைப் போல இருக்கிறது. ஆறு பக்கம். உள்ளே வாங்கிய மூலைக்கும் இந்த 180 கணக்கு வருமா?

பாளை கணக்கு வாத்தியார் (திங்கள், காலை 10.40)

வரும். உள்ளே வாங்கிய மூலையில் வயலுக்குள் நின்று கோணத்தை அளக்கணும். 90 என்று எழுதிவிடுவார்கள், அது வெளியில் இருக்கிற கோணம். வயலின் பக்கம் 270. மற்ற ஐந்து மூலையும் 90 என்றால் 450. இரண்டும் சேர்ந்து 720. நான்கு 180. இப்படி உள்வாங்கியதைக் குழிவுப் பலகோணம் என்போம்.

வீரவநல்லூர் கோலம் (திங்கள், பிற்பகல் 3.00)

நான் கணக்கு அதிகம் படிக்கவில்லை. மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடுகிறவள். ஊடுபுள்ளிக் கோலத்தில் 7 புள்ளி, 4 வரை என்று சொல்வோம். நடுவில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. புள்ளிகளை ஒன்றின் இடையில் ஒன்றாக வைப்பதால் ஓரம் தானாக ஆறு பக்கமாக வந்துவிடும். எண்ணினால் 37 புள்ளி. ஒவ்வொரு பக்கத்திலும் 4 புள்ளி. இது அறுங்கோணம்தானே சார்?

கேட்க வந்தது வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை அட்டையில் ஐந்து பக்கமும் சமமாக ஐங்கோணங்கள் வெட்டிக்கொண்டு வந்து, இதை வைத்து வாசல் முழுக்க நிரப்பித் தரச் சொன்னாள். மூன்றைச் சேர்த்து வைத்தால் ஒரு மெல்லிய சந்து நிற்கிறது. நான்காவதை வைத்தால் ஏறிக்கொள்கிறது. அறுங்கோணம் என்றால் மூன்றே கச்சிதமாகப் பொருந்துகிறது.

தென்காசி டிப்ளமா (திங்கள், பிற்பகல் 3.25)

ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108. மூன்று சேர்ந்தால் 324. 360-க்கு 36 மிச்சம், அதுதான் அந்தச் சந்து. அறுங்கோணம் 120, மூன்று சேர்ந்தால் 360. ஐங்கோணத்தால் தரையை நிரப்பவே முடியாது அக்கா. முக்கோணம், சதுரம், அறுங்கோணம் இந்த மூன்றாலும்தான் முடியும்.

பேட்டை அம்மா (திங்கள், இரவு 7.45)

தம்பி, மகள் பள்ளிவிட்டு வந்து இதைப் படித்துவிட்டு, முடியும் என்று அடம்பிடிக்கிறாள். சின்ன வயசில் வீடு வரைவோமே, கீழே சதுரம், மேலே கூரை, அந்த வடிவத்தை வெட்டினாள். ஐந்து பக்கம். வரிசையாக வீடுகளை ஒட்டி வைத்தாள். கூரைகளுக்கு நடுவில் பள்ளம் வந்தது. அதில் இன்னொரு வீட்டைத் தலைகீழாகச் செருகினாள். சந்தே இல்லை. முற்றம் முழுக்க வைக்கலாம் போல இருக்கிறது.

பாளை கணக்கு வாத்தியார் (திங்கள், இரவு 8.30)

தாயி, அபாரம்! தம்பி சொன்ன மூன்று என்பது ஒழுங்குப் பலகோணங்களுக்கு மட்டும். ஐங்கோணம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. மறுபடியும் அந்தப் பக்கமும் கோணமும்தான்.

உன் வீட்டின் கணக்கைப் பார். கீழே இரண்டு 90, சேர்த்து 180. மொத்தம் 540-இல் மிச்சம் 360. அந்த 360, கூரை உச்சிக்கும் சுவரும் கூரையும் சேர்கிற இரண்டு தோளுக்கும். இரண்டு வீட்டை ஒட்டி வைத்தால் ஒரு இடத்தில் இரண்டு தோள் சேரும், மிஞ்சுகிற பள்ளம் உச்சிக் கோணத்துக்குச் சரியாக இருக்கும். உன் கூரை உச்சி 90 என்றால் தோள் 135, 135. கூரையைத் தட்டையாகப் போட்டு உச்சியை 120 ஆக்கினால் தோள் 120, 120. எப்படிப் போட்டாலும் பொருந்தியே தீரும். ஐங்கோணத்தின் கூட்டுத்தொகை 540 என்பதால் வந்தது இது.

இந்த விஷயத்தில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மார்ஜரி ரைஸ் என்று ஒரு இல்லத்தரசி. பள்ளிப் படிப்போடு கணக்கு நின்றுபோனவர். 1975-இல் ஒரு அறிவியல் பத்திரிகையில் தரையை நிரப்பும் ஐங்கோணங்களைப் பற்றிப் படித்துவிட்டு, தனக்கென்று ஒரு குறிமுறையை உண்டாக்கிக்கொண்டு, வீட்டு வேலைகளுக்கு நடுவில் வரைந்து வரைந்து பார்த்தார். கணித அறிஞர்களுக்குத் தெரியாமல் இருந்த நான்கு புதிய வகைகளை 1977-க்குள் கண்டுபிடித்தார். உள்ளே வாங்காத ஐங்கோணங்களில் மொத்தம் 15 வகைதான் என்று 2017-இல் ஒரு பிரெஞ்சுக் கணிதர் நிறுவினார். கோலம் போடுகிற அம்மா தனக்குக் கணக்கு அதிகம் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். ஊடுபுள்ளியில் ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணம் நிற்கிறது, ஆறு 60 சேர்ந்து 360. வரிசைக்கு வரிசை இடைவெளியைப் புள்ளிக்குப் புள்ளி இடைவெளியைவிடக் கொஞ்சம் குறைத்து வைப்பீர்களே, அதுதான் முக்கோணத்தைச் சமபக்கமாக்குகிறது. உங்கள் விரலுக்கு அது தெரியும்.

வீரவநல்லூர் கோலம் (திங்கள், இரவு 8.50)

ஆமாம் சார், கொஞ்சம் நெருக்கித்தான் வைப்போம். இல்லையென்றால் கோலம் நீண்டுபோகும் என்று அம்மா சொல்லிக் கொடுத்தது.

தென்காசி டிப்ளமா (திங்கள், இரவு 9.20)

தப்பை ஒத்துக்கொள்கிறேன் சார். அந்த 36 இன்னொரு இடத்திலும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடுகிற ஐந்து முனை ஸ்டாரின் ஒவ்வொரு முனையும் 36. ஐந்து முனையும் சேர்ந்து 180. அதன் ஓரத்தைப் பத்துப் பக்கமுள்ள குழிவுப் பலகோணம் என்று எடுத்தால், உள்பள்ளம் ஒவ்வொன்றும் 252. ஐந்து 252 என்றால் 1260, அதோடு 180, மொத்தம் 1440. எட்டு 180. சரியாக வருகிறது!

ஆனால் வெளிக்கோணம்தான் எனக்கு எப்போதும் குழப்பம். மூலைக்கு வெளியில் இருக்கிற முழுக் கோணத்தையும் அளந்தால், 90-க்கு 270 என்றல்லவா வரணும்? புத்தகத்தில் 90 என்று போட்டிருக்கும்.

பாளை கணக்கு வாத்தியார் (செவ்வாய், காலை 6.50)

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை நினைத்துக்கொள். தேர் கிழக்கு ரத வீதியில் தெற்கே பார்த்து வருகிறது. மூலைக்கு வந்ததும் சறுக்குக்கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். திருப்பாமல் விட்டால் தேர் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். நேராகப் போகிற திசைக்கும் திரும்பிய பிறகு போகிற திசைக்கும் நடுவே இருப்பதுதான் வெளிக்கோணம். தேர் எவ்வளவு திரும்பியது என்பது அது. மூலையில் உள்ள உட்கோணமும் அதுவும் சேர்ந்து 180.

நான்கு மூலை திரும்பித் தேர் மறுபடியும் கிழக்கு ரத வீதிக்கு வந்து, புறப்பட்ட அதே திசையைப் பார்த்து நிற்கிறது. ஒரு முழுச் சுற்று, 360. வீதிகளின் மூலை அச்சாக 90-ஆக இல்லாமல் ஒன்று 88, ஒன்று 93 என்று இருந்தாலும் மொத்தத் திருப்பம் 360தான். புறப்பட்ட திசைக்கே வந்துவிட்டதே! வீதி நான்குக்குப் பதில் ஏழு இருந்தாலும் அப்படித்தான்.

ஸ்டாரைப் பேனா எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்து பார். ஒவ்வொரு முனையிலும் 144 திரும்புவாய். ஐந்து முனைக்கு 720. கை இரண்டு சுற்று சுற்றியிருக்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதால் அந்த இரண்டாவது சுற்று.

கல்லிடை ஆசாரி (செவ்வாய், காலை 8.00)

சார், எண்கோணச் சட்டம் அடிக்க ரம்பத்தை எவ்வளவு சாய்ப்பது என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். நான் எட்டுக்கு இருபத்திரண்டரை, ஆறுக்கு முப்பது, நாலுக்கு நாற்பத்தைந்து என்று வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுப்பேன். தேர் திருப்பத்தில் பாதி அது! எட்டு மூலைக்கு ஒரு மூலைக்கு 45 திருப்பம், அதை இரண்டு சட்டமும் பங்கு போட்டுக்கொள்கிறது. இனிமேல் இப்படியே சொல்லிக் கொடுக்கிறேன்.

சேரன்மாதேவி விவசாயி (புதன், மாலை 5.30)

அளந்துவிட்டேன். ஒரு மூலைவிட்டம் 91 அடி 8 அங்குலம். மற்றது 156 அடி. சர்வேயர் அண்ணாச்சி சொன்ன 128 எங்குமே இல்லை.

மகன் ஒன்பதாம் வகுப்பு. 100, 80, 91 அடி 8 அங்குலம் என்று முக்கோணமாக எடுத்து, மூன்று பக்க நீளத்தை வைத்தே பரப்பு காணுகிற ஹெரான் சூத்திரம் போட்டான். ஒரு முக்கோணம் 3464 சதுர அடி சொச்சம். இரண்டு முக்கோணம் 6929. சென்டுக்கு மாற்றினால் 15.9. பதினெட்டேகால் எங்கே, பதினாறுக்கும் குறைந்தது எங்கே? இரண்டு சென்டுக்கு மேல் இல்லாத நிலத்துக்கு விலை கொடுக்க இருந்திருக்கிறேன். வரப்பில் நின்று மகன் பேப்பரில் ஈர்க்கு மாதிரிப் படம் போட்டுக் காட்டியபோது, மூலைக் கோணம் 60 பக்கம் இருப்பதாகச் சொன்னான்.

தரகரிடம் சொன்னேன். "நாலு பக்கமும் நீங்க பார்க்கத்தானே அளந்தேன்" என்றார். அளந்தது நிஜம்தான். ஐந்தாவது அளவை எடுக்கவில்லை. நில உடமையாளர் நல்ல மனுஷர், முறைப்படி அளந்து வருகிற சென்டுக்குத்தான் பத்திரம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். எல்லோருக்கும் என் நன்றி. பேட்டைப் பிள்ளைக்குத் தனியாக.

பழைய சர்வேயர் (புதன், மாலை 6.10)

நிம்மதி. மனு கொடுத்து அளக்கும்போது நான்கு முனையிலும் கல் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கல் பெயர்ந்து ஓரடி தள்ளி நின்றாலும் எல்லா அளவும் மாறிப்போகும்.

பேட்டை அம்மா (வியாழன், இரவு 8.05)

இரண்டு மதிப்பெண் போனதைப் பற்றி அவள் இப்போது பேசுவதே இல்லை. ஈர்க்கு நாற்கரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் சாய்த்துக் காட்டியிருக்கிறாள்.

இன்றைக்குக் கடைசி மிட்டாயை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி. "ஒரு கடிக்கு 180 கூடும்னா, மூலை மூலையா கடிச்சுக்கிட்டே போனா வட்டம் மாதிரி ஆயிடுமே. அப்போ வட்டத்துக்குக் கோணம் எவ்வளவு?"

பாளை கணக்கு வாத்தியார் (வியாழன், இரவு 9.00)

கண்ணு, கடிக்கக் கடிக்க உட்கோணங்களின் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போகும், நிற்காது. பதினாறு பக்கத்துக்கு 2520, முப்பத்திரண்டுக்கு 5400. ஆனால் ஒழுங்காகக் கடித்தால் ஒவ்வொரு மூலையும் 135, 157.5, 168.75 என்று 180-ஐ நெருங்கிப் போகும். 180 என்றால் அங்கே மூலையே இல்லை என்று பொருள். தேர்த் திருப்பமோ எத்தனை கடித்தாலும் 360தான், அதைத்தான் வட்டமும் வைத்துக்கொள்கிறது. கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸ் 96 பக்கம் வரை போய், வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல 3 முழு 1/7 மடங்குக்குக் குறைவு, 3 முழு 10/71 மடங்குக்கு அதிகம் என்று காட்டினார். அவருடைய மூலை ஒவ்வொன்றும் 176.25.

கல்லிடை ஆசாரி (வியாழன், இரவு 9.25)

நாங்கள் முப்பத்திரண்டு பட்டையோடு எண்ணுவதை நிறுத்திவிடுவோம் தாயி. அதற்கு மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உருளைதான்.